சமூகப்பணி ஆசிரியர்களுக்கு: எதை வைத்துப் பாடம் நடத்துவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எம்.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப்பணி முதுகலை வகுப்புக்குப் புதிதாகப் பாடமெடுக்க வந்தவர்கள் கல்லூரி திறக்கும் வாரத்தில் கூப்பிட்டால், பேச்சு பெரும்பாலும் "மெட்டீரியல் ஏதாவது இருந்தா அனுப்புங்க சார்" என்றுதான் தொடங்கும். அனுப்பியிருக்கிறேன். அனுப்பியதில் பாதி எனக்கே பயன்பட்டதில்லை. எது வகுப்பில் எடுபட்டது, எது அலமாரியில் தூசி படிந்து கிடந்தது என்று பிரித்துச் சொல்ல, திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எழுதிவைக்கிறேன். எல்லாம் தமிழ்நாட்டுக் கல்லூரிகளை மனத்தில் வைத்து எழுதியவை.

தமிழில் பாடநூல் போதவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

ஆங்கிலத்தில் இலவசமாகக் கிடைப்பவற்றுக்குக் குறைவில்லை. யூஜிசியின் முதுகலைப் பாடத் தளமான இ-பிஜி பாடசாலையில் சமூகப்பணி தனிப்பாடமாகவே இருக்கிறது. இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் எம்.எஸ்.டபிள்யூ. பாடப்புத்தகங்கள் இ-ஞானகோஷ் தளத்தில் கிடைக்கின்றன. சோத்கங்கா தளத்தில் முனைவர் பட்ட ஆய்வேடுகள் குவிந்திருக்கின்றன. நம் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளில் ஆய்வுப் பகுதியை அறிமுகம் செய்யும் அத்தியாயத்தை மட்டும் எடுத்துப் படித்தாலே ஒரு மாவட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் பிடிபடும்.

இவை உங்கள் தயாரிப்புக்கு. அப்படியே ஜெராக்ஸ் போட்டுக் கொடுக்காதீர்கள். முதல் வருடம் நான் ஓர் அமெரிக்கப் பாடப்புத்தகத்திலிருந்து ஒரு முதியவரின் கதையை வகுப்பில் வாசித்தேன். நர்சிங் ஹோமில் ஐந்து வருடமாக இருக்கிறார், தனிமையில் வாடுகிறார், சமூகப்பணியாளர் என்ன செய்யலாம் என்பது கேள்வி. பின்வரிசை மாணவர் ஒருவர் எழுந்து, "அஞ்சு வருஷமா டிஸ்சார்ஜ் பண்ணலையா சார்? பில்லு எவ்வளவு வந்திருக்கும்?" என்றார். வகுப்பே சிரித்தது. நம் ஊரில் நர்சிங் ஹோம் என்றால் பிரசவத்துக்கும் குடல்வால் ஆபரேஷனுக்கும் போகிற தனியார் ஆஸ்பத்திரிதானே. அவர் கேட்டது நியாயமான கேள்வி. தப்பு என் பேரில். அன்றைக்கு ஆரம்பித்ததுதான், உள்ளூர்ச் சரக்கைச் சேர்க்கும் வேலை.

மாணவர்கள் களத்தில் தமிழில் பேசிவிட்டுக் களப்பணி ரெக்கார்டை ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள். எதைத் திருத்துவது, ஆங்கிலத்தையா?

ஆங்கிலத்தை விட்டுவிடுங்கள். அதைவிடப் பெரிய இழப்பு வேறு இடத்தில் நடக்கிறது. ஒரு பெண் சொல்கிறார்: "கோவம் வந்தா கை நீட்டுவாரு, மத்தபடி தங்கமான மனுஷன்." ரெக்கார்டில் அது 'கிளையன்ட் குடும்ப வன்முறையால் பாதிக்கப்பட்டவர்' என்பதற்கான ஆங்கில வாக்கியமாக வந்து உட்காரும். சட்டப்படி தவறில்லை. ஆனால் 'அடிச்சாரு' என்று சொல்லாமல் 'கை நீட்டுவாரு' என்று சொன்னதில் இது ஒருநாள் கூத்து அல்ல, வாடிக்கை என்பது இருக்கிறது. வெளியாளிடம் புருஷனை விட்டுக்கொடுக்க மனமில்லை என்பதும் இருக்கிறது. 'தங்கமான மனுஷன்' என்றது பாசமாக இருக்கலாம். இந்தப் பிள்ளைகள் போலீசுக்குப் போய்விடுவார்களோ என்ற பயமாகவும் இருக்கலாம். அடுத்த சந்திப்பைத் தொடங்க வேண்டிய நூல்முனை அந்தச் சொற்களில்தான் கிடக்கிறது. அதை அறுத்துப் போட்டுவிட்டுக் கலைச்சொல்லை மட்டும் எழுதினால் மேற்பார்வையாளரான நமக்குப் பேச ஒன்றுமே மிஞ்சாது.

நான் செய்வது இது. உரையாடல் பதிவுக்கு ஒரு தாளை மூன்று பத்தியாகக் கோடு போடச் சொல்கிறேன். முதல் பத்தியில் அவர் சொன்னது சொன்னபடியே, பேச்சுத் தமிழில், வட்டார வழக்கோடு. நடுப்பத்தியில், அதைக் கேட்டபோது மாணவருக்கு உள்ளுக்குள் என்ன ஆயிற்று: கோபமா, அலுப்பா, சீக்கிரம் கிளம்பினால் போதும் என்று இருந்ததா. மூன்றாவதில்தான் பாடப்புத்தகச் சொல். கல்லூரி விதிப்படி ரெக்கார்டு ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டுமென்றால் இந்தத் தாளைப் பின்னிணைப்பாக வைக்கச் சொல்லுங்கள். ஒரு வைவாவில்கூட அதற்காக யாரும் மதிப்பெண் குறைத்து நான் பார்த்ததில்லை. அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் தேர்வாளர் நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன்.

இதன் உபரி லாபம் ஒரு சொல் நோட்டு. 'மனசு சரியில்ல', 'ஒரு மாதிரியா இருக்கு', 'நெஞ்சு படபடங்குது', 'செய்வினை வச்சுட்டாங்க', 'வாழ்ந்து என்ன ஆகப்போகுது' என்று களத்தில் கேட்டதையெல்லாம், யார் எந்தச் சூழலில் சொன்னார் என்ற குறிப்போடு எழுதிச் சேர்க்கிறோம். இவை எல்லாவற்றுக்கும் 'டிப்ரஷன்' என்று ஒரே சொல்லைப் போட்ட மாணவர், நோட்டைப் புரட்டிய பிறகு அப்படிப் போடத் தயங்குகிறார். அந்தத் தயக்கம் வந்தால் தனிநபர் சமூகப்பணித் தாளில் பாதி முடிந்த மாதிரி.

'கிளையன்ட்' என்பதற்குத் தமிழில் என்ன என்றும் கேட்பார்கள். அரசு அலுவலகத்தில் 'பயனாளி'. எனக்கு அந்தச் சொல் பிடிக்காது. வரிசையில் நின்று எதையோ வாங்கிக்கொண்டு போகிறவர் என்ற தோரணை அதில் இருக்கிறது. 'உதவி நாடி வந்தவர்' என்று நீட்டிச் சொல்லலாம். பெயரைச் சொல்லிப் பேசுவது இன்னும் நல்லது, மாற்றிய பெயராக இருந்தாலும்.

சொந்தமாக கேஸ் ஸ்டடி எழுதுவது எப்படி?

தவணையாக எழுதுங்கள். கதை முழுவதையும் ஒரே தாளில் கொடுத்தால் மாணவர்கள் கடைசிப் பத்தியைப் படித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். களத்தில் யாருக்கும் கடைசிப் பத்தி முன்கூட்டியே கிடைப்பதில்லை.

நான் கற்பனையாக எழுதிப் பயன்படுத்தும் ஒன்று. முதல் தாள்: ஒன்பதாம் வகுப்பு மாணவி மூன்று வாரமாகப் பள்ளிக்கு வரவில்லை என்று வகுப்பாசிரியை போன் செய்கிறார். அவ்வளவுதான். இப்போது நீங்கள் யாரைப் பார்க்கப் போவீர்கள், என்ன கேட்பீர்கள்? எழுதி முடித்த பிறகு இரண்டாம் தாள்: வீட்டில் பாட்டி மட்டும், அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனியில், அம்மா இறந்து நான்கு வருடம். "வயசுக்கு வந்த புள்ளைய வச்சுக்கிட்டு நான் ஒருத்தி ராப்பகலா முழிச்சுக்கிட்டு இருக்கேன்" என்கிறார் பாட்டி. மூன்றாம் தாள்: திரும்பும்போது திண்ணையில் மஞ்சள் தடவிய பத்திரிகை கண்ணில் படுகிறது. பாட்டி கையைப் பிடித்துக்கொண்டு "யார்கிட்டயும் சொல்லிடாத சாமி" என்கிறார். நான்காம் தாளில் அந்தப் பெண்ணே பேசுகிறாள். என்ன பேசுகிறாள் என்பதை மாணவர்கள்தான் எழுத வேண்டும்.

மூன்றாம் தாளில்தான் வகுப்பு இரண்டாகப் பிரியும். தனிநபர் சமூகப்பணிக்கு பீஸ்டெக் வகுத்த ஏழு கோட்பாடுகளை மனப்பாடம் செய்தவர்கள் ரகசியம் காக்க வேண்டும் என்பார்கள். இன்னொரு பக்கம் குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லியே ஆக வேண்டும் என்பார்கள். 2006-ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம், 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம், தடுப்பு அலுவலர் என்ற பொறுப்பு மாவட்டச் சமூகநல அலுவலரிடம் இருப்பது எல்லாவற்றையும் அந்தச் சண்டை சூடாக இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும். பாட்டியின் பயம் பொய்யில்லை என்பதையும் அப்போதே பேச வேண்டும். கல்யாணத்தை நிறுத்தியதோடு வேலை முடிந்தது என்று நினைக்கிற மாணவரிடம், "நாளைக்கு ராத்திரி அந்த வீட்டில் யார் விழித்திருப்பார்கள்?" என்று கேளுங்கள்.

உண்மையான கேஸை வகுப்பில் பயன்படுத்தலாமா? பெயரை மாற்றிவிட்டால் போதுமா?

போதாது. ஊர், தொழில், சாதி, பள்ளி, உடலில் ஒரு அடையாளம் ஆகியவற்றில் இரண்டு சேர்ந்தாலே அந்தப் பக்கத்து மாணவர் ஒருவருக்கு ஆள் யாரென்று தெரிந்துவிடும். குழந்தைகள் விஷயத்தில் இது நாகரிகம் மட்டுமல்ல, சட்டமும்கூட: இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவும் பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவும் ஊடகங்களில் குழந்தையின் அடையாளம் வெளிவருவதைத் தடுக்கின்றன. கிராம முகாமில் எடுத்த படங்களை வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸில் போடும் பழக்கத்தை முதல் நாளே நிறுத்துங்கள். நான் மூன்று நான்கு கேஸ்களைக் கலந்து ஒன்றாக எழுதுகிறேன். பாலியல் வன்கொடுமை கேஸ் என்றால் அதையும் செய்வதில்லை; முழுக்கக் கற்பனையாக எழுதிவிடுகிறேன்.

இதே இடத்தில் ரகசியத்தின் எல்லையையும் சொல்லிவிடுங்கள். போக்சோவின் 19-ஆம் பிரிவுப்படி, குற்றம் நடந்தது தெரிந்தால் புகார் தெரிவித்தே ஆக வேண்டும்; களப்பணிக்கு வந்த மாணவருக்கும் விலக்கு இல்லை. "நீ சொல்றத யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்று குழந்தையிடம் வாக்குக் கொடுக்க நமக்கு உரிமை கிடையாது.

சமூகச் சட்டங்கள் தாளில் வகுப்பே தூங்குகிறது.

படிவத்தைக் கையில் கொடுங்கள், எழுந்து உட்காருவார்கள். குடும்ப வன்முறைச் சட்டத்தை பிரிவு பிரிவாக நடத்துவதைவிட, அதன் 2006-ஆம் ஆண்டு விதிகளில் உள்ள முதல் படிவத்தை, பாதுகாப்பு அலுவலர் நிரப்பும் நிகழ்வு அறிக்கையை, அச்செடுத்து நிரப்பச் சொல்வது மேல். உடல், பாலியல், சொல்லாலும் மனத்தாலும் செய்வது, பணத்தால் செய்வது என்று வன்முறை அங்கே தனித்தனிக் கட்டங்களில் இருக்கும். 'சம்பளத்தை அப்படியே வாங்கி வச்சுக்குறாரு' என்பதும் வன்முறைதான் என்று மாணவர்களுக்கு உறைப்பது அந்தக் கட்டத்தில் பேனா வைக்கும்போதுதான்.

மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007, நாடகமாக நடிக்கவே பிறந்தது. தீர்ப்பாயத்தை நடத்தும் கோட்டாட்சியராக ஒருவர், வீட்டை மகன் பேரில் எழுதிக் கொடுத்துவிட்டு நிற்கும் அம்மாவாக ஒருவர், மகன், மருமகள். பராமரிப்பு அலுவலர் பாத்திரத்தை வகுப்பிலேயே அதிகம் பேசாதவருக்குக் கொடுங்கள். பெற்றோர் விரும்பினால் தீர்ப்பாயத்தில் அவர்கள் சார்பில் பேசும் உரிமையைச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு அவருக்குத் தருகிறது. 23-ஆம் பிரிவை மறக்க வேண்டாம்: கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, கவனிக்காவிட்டால் ரத்து செய்யக் கேட்கலாம். ஒரு முறை நடிக்கும்போது மகனாக இருந்தவர் பாதியில் நிறுத்தி, "என் தாத்தா கேஸ் இதுதான் சார்" என்றார். அன்று பாடம் அதோடு நின்றது. நிற்க விட்டுவிட்டேன்.

மாற்றுத்திறனாளிகள் சட்டம், மனநல சட்டம், தகவல் அறியும் உரிமைச் சட்டம் எல்லாவற்றுக்கும் இதே வழி. ஆர்டிஐ என்றால் ஆளுக்கொரு மனு எழுதி நிஜமாகவே அனுப்பச் சொல்லுங்கள்.

சமூகப்பணி வரலாறு என்றாலே 1601-இன் ஏழைகள் சட்டம், 1869-இன் அறநிறுவனச் சங்கம் என்று இங்கிலாந்துதான். நம் வரலாற்றை எப்படிச் சேர்ப்பது?

பிரித்துத் தனி அலகாகச் சேர்க்காதீர்கள், பக்கத்தில் வையுங்கள். 1867 மே 23 அன்று வடலூரில் வள்ளலார் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். வந்தவர் யார், எந்தச் சாதி, உழைக்கத் தெம்பிருக்கிறதா என்று கேட்காமல் சோறு. இரண்டு வருடம் கழித்து, 1869-இல், லண்டனில் அறநிறுவனங்களை ஒருங்கிணைக்கும் சங்கம் தோன்றுகிறது. உதவிக்குத் தகுதியானவர், தகுதியற்றவர் என்று வீடு வீடாக விசாரித்துப் பிரிப்பது அதன் முறை. நாம் நடத்தும் தனிநபர் சமூகப்பணி அந்த விசாரணையிலிருந்து வளர்ந்ததுதான். இரண்டு தேதிகளையும் கரும்பலகையில் எழுதி, "பசிக்கிறவனிடம் விசாரிக்கலாமா?" என்று மட்டும் கேட்டுவிட்டு உட்காருங்கள்.

வள்ளலாருக்குக் கைதட்டல் விழும். அதோடு விட்டால் பாடம் பஜனையாகிவிடும். பத்தே வருடத்தில், 1877-இல், சென்னை மாகாணப் பஞ்சம். நிவாரண முகாமில் கல்லுடைத்த ஆண்களுக்கு பஞ்ச நிவாரணத்தைக் கவனிக்க அரசு அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் நிர்ணயித்த கூலி, நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் காசும். அப்படிப்பட்ட பஞ்சத்தை ஒரு தருமச்சாலை தாங்குமா? அரசு என்ன செய்ய வேண்டும்? இந்தக் கேள்வியிலிருந்து 1982-இன் சத்துணவுத் திட்டத்துக்கும் ரேஷன் கடைக்கும் வந்துவிடலாம். சமூகநலக் கொள்கைத் தாளுக்கும் அடி போட்டாயிற்று.

இன்னும் சில தேதிகள்: 1930-இல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அவ்வை இல்லம், 1936-இல் பம்பாயில் டாட்டா அறக்கட்டளை தொடங்கிய சமூகப்பணிப் பள்ளி, 1952-இல் மேரி கிளப்வாலா ஜாதவ் முயற்சியில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க், 1989-இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழுத் திட்டம். தருமபுரிக் குழுக்களில் முதலில் சேர்ந்த பெண்களுக்கு இப்போது வயதாகிவிட்டது. அந்தப் பக்கம் களப்பணி இருந்தால் போய்க் கேட்டுப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

சமுதாய அமைப்புப் பாடத்துக்குச் செலவில்லாமல் என்ன செய்யலாம்?

கிராம சபைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு நாள். மாணவர்கள் மேடைப் பக்கம் போகக்கூடாது, பேசக்கூடாது. ஓரமாக உட்கார்ந்து குறிக்க வேண்டும்: யார் நாற்காலியில், யார் தரையில்; பெண்கள் எந்த மூலையில்; கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பியவர்கள் எத்தனை பேர்; எந்தத் தெருக்காரர் எழுந்தபோது மைக் கைமாறியது. சமுதாயப் பணிக்கு ரோத்மன் வகுத்த மூன்று மாதிரிகளை அதற்குப் பிறகு நடத்துங்கள். முன்னால் நடத்தினால் ஆட்களைப் பார்க்காமல் மாதிரியைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

கோலமாவால் தரையில் ஊர் வரைபடம் போடும் பயிற்சி எல்லா முகாமிலும் நடக்கிறது. ஒன்றே ஒன்றைக் கவனியுங்கள்: அது எந்த இடத்தில் நடக்கிறது? கோயில் வாசலில் போட்டால் காலனிக்காரர்கள் வரமாட்டார்கள், அல்லது வந்து தள்ளி நிற்பார்கள். அவர்கள் தெரு ஒரு புள்ளியாகச் சுருங்கிவிடும். காலனியில் தனியாக இன்னொரு படம் போடச் சொல்லிவிட்டு இரண்டையும் பக்கத்தில் வைத்தால் குடிதண்ணீர்க் குழாய் எங்கே முடிகிறது, சுடுகாட்டுப் பாதை எங்கே அறுகிறது என்று எல்லாம் தெரியும். சாதியைப் பற்றி நான் எடுத்த எந்த வகுப்பும் அந்த இரண்டு படங்கள் அளவுக்குப் பேசியதில்லை.

எண்கள் வேண்டுமானால் தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று, 2019–21, மாவட்டவாரித் தாள்கள் போதும்.

குழுப்பணிக்கு விளையாட்டுகள்?

இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. விளையாட்டு முடிந்ததும் "யாரைக் கடைசியாகச் சேர்த்துக்கொண்டீர்கள்?" என்று கேட்காவிட்டால் அது வெறும் விளையாட்டு.

மனநலப் பாடத்தை எங்கே தொடங்கலாம்?

மனநோயாளிகளைக் குடும்பங்கள் கூட்டிவரும் தர்கா இருக்கிற ஏர்வாடியில் நான் தொடங்குகிறேன். 2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. தனியார் மனநலக் காப்பகக் கொட்டகையில் தீ. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் கருகினார்கள். குடும்பங்கள் ஏன் அங்கே கொண்டுவந்து விட்டன, பக்கத்தில் என்ன சிகிச்சை கிடைத்தது, தர்காவில் அவர்களுக்குக் கிடைத்த ஆறுதல் என்ன என்று மூன்று குழுக்களாகப் பிரிந்து தேடச் சொல்லுங்கள். 'மூடநம்பிக்கை' என்ற ஒரே சொல்லோடு வருகிற குழுவைத் திருப்பி அனுப்புங்கள். பிறகு 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95-ஆம் பிரிவைத் திறந்தால், எந்த வடிவிலும் சங்கிலியிடக்கூடாது என்ற வரி அவர்களுக்கு வேறு மாதிரிக் கேட்கும்.

இந்த வாரத்தில் மாணவர்களில் ஓரிருவர் தங்கள் வீட்டுக் கதையோடு தனியாக வந்து நிற்பார்கள். அதற்கு நேரம் ஒதுக்கி வையுங்கள். மனநல உதவிக்கான டெலி மானஸ் எண் 14416-ஐ அறிவிப்புப் பலகையில் எழுதியே வைத்திருக்கிறோம்.

சீனியர் ரெக்கார்டைப் பார்த்து எழுதுகிறார்கள். இப்போது ஏஐ வேறு. எப்படிப் பிடிப்பது?

பிடிக்க வேண்டாம். தனிச் சந்திப்பில், "அந்த வீட்டு வாசலில் எத்தனை ஜோடி செருப்பு கிடந்தது? உனக்கு என்ன குடிக்கக் கொடுத்தார்கள்? எந்தப் பாத்திரத்தில்?" என்று கேளுங்கள். போனவர் யோசிக்காமல் சொல்லிவிடுவார்.

விருந்தினர் உரைக்கு யாரை அழைப்பது?

நிறுவன இயக்குநர்களை ஏற்கெனவே நிறைய அழைத்துவிட்டோம். அங்கன்வாடிப் பணியாளர், கிராம சுகாதாரச் செவிலியர், மகளிர் குழுவின் கணக்கு நோட்டை எழுதுகிறவர், தூய்மைப் பணியாளர் ஆகியோரை அழையுங்கள். மேடையில் ஏற்றாமல் வட்டமாக நாற்காலி போடுங்கள். இயக்குநருக்குக் கொடுக்கும் அதே மதிப்பூதியம், அதே உறையில். அன்றைய கூலியை விட்டுவிட்டு வருகிறவருக்குச் சால்வை மட்டும் போர்த்தி அனுப்புவது எனக்கு ஒப்புவதில்லை. ஒப்புதல் வாங்க நிர்வாகத்தோடு ஒரு வருடம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

சேர்த்ததையெல்லாம் எப்படி வைத்துக்கொள்வது? கேட்டால் அனுப்புவீர்களா?

துறை அலமாரியில் ஒரு தட்டு. தவணைக் கேஸ் தாள்கள் ஒரு கோப்பில், படிவங்கள் இன்னொன்றில், ஊர் வரைபடப் படங்கள் தேதியோடு, சொல் நோட்டு தனியாக. ஒவ்வொரு தாளின் பின்புறமும் வகுப்பில் அது எங்கே சொதப்பியது என்று பென்சிலால் இரண்டு வரி. அடுத்து வருகிறவருக்கு அந்த இரண்டு வரிதான் அதிகம் பயன்படும்.

கேஸ் தாள்களையும் நடிப்புக் குறிப்புகளையும் அனுப்புவேன். சொல் நோட்டை அனுப்பமாட்டேன். அது எங்கள் பக்கத்து ஊர்களின் பேச்சு. உங்கள் ஊரில் மனசு சரியில்லாததை எப்படிச் சொல்கிறார்கள் என்று உங்கள் மாணவர்கள்தான் கேட்டு எழுத வேண்டும். நூறு பக்க நோட்டு ஒன்று வாங்கிக் கொடுங்கள். ஒரு பருவத்துக்குள் நிரம்பிவிடும்.